நோட்டோ சான்ஸ் மண்டாயிக்: மண்டேயச் சுவடிகளைப் படியெடுப்போருக்கு ஓர் எழுத்துரு மதிப்புரை

மண்டேயர்களின் மறைநூல் ஒன்றைக் கணினியில் படியெடுக்க உட்காருபவருக்கு முதலில் கைக்குக் கிடைப்பது கூகுளின் நோட்டோ சான்ஸ் மண்டாயிக் எழுத்துரு. கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் இலவசம். திறந்த எழுத்துரு உரிமத்தில் வருவதால் புத்தகத்தில் அச்சிடலாம், பிடிஎஃப் கோப்புக்குள் பதித்துக் கொடுக்கலாம், வலைப்பக்கத்திலும் போடலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். சுருக்கமாகச் சொன்னால், எழுத்துகளைப் பிழையில்லாமல் தரும் நல்ல எழுத்துரு இது. ஆனால் மண்டேயச் சுவடி என்பது எழுத்துகள் மட்டும் அல்ல. யாருக்காக எழுதப்பட்டது, யார் எழுதினார், அவர் யாருடைய படியைப் பார்த்து எழுதினார் என்பதும் சுவடியின் பகுதியே. அதை எழுத்துரு பார்த்துக்கொள்ளாது, படியெடுப்பவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மண்டேயர்கள் தென் ஈராக்கின் சதுப்பு நிலங்களிலும் ஈரானின் குசெஸ்தானிலும் ஆற்றோரமாக வாழ்ந்துவந்த சிறு சமயத்தார். ஓடும் நீரில் முழுக்குப் பெறுவது அவர்களுடைய முதன்மைச் சடங்கு. குருமாரில் தர்மிதா ஒரு படி, அதற்கு மேல் கன்சிப்ரா. அவர்களுடைய பெரிய நூல் கின்சா ரப்பா. ‘பெரிய கருவூலம்’ என்று பொருள். முழுக்குக்கும் இறந்தவர் ஆன்மாவை மேலேற்றும் மசிக்தா சடங்குக்கும் வேண்டிய வழிபாட்டுப் பாடல்களின் தொகுப்பு கொலஸ்தா. எல்லாம் மண்டாயிக் என்னும் கிழக்கு அரமேய மொழியில், அதற்கே உரிய எழுத்தில். வலமிருந்து இடமாக, அரபு போலச் சேர்த்து எழுதுவார்கள். ஆனால் அரபுக்கு மாறாக உயிர் ஒலிகளையும் எழுத்தாகவே எழுதிவிடுவார்கள்.

இந்த எழுத்துக்கு யுனிகோடில் இடம் கிடைத்தது 2010இல், 6.0ஆம் பதிப்பில். யு+0840 முதல் யு+085எஃப் (085F) வரை எண்கள் உள்ள கட்டம். அதில் 29 குறிகள்: 25 எழுத்துகள், 3 மேல்கீழ்க் குறிகள், ஒரு நிறுத்தக்குறி. மரபுக் கணக்கில் நெடுங்கணக்குக்கு 24 எழுத்து. வட்டமாக இருக்கும் ‘ஹல்கா’வில் தொடங்கி, கடைசியில் அதே ஹல்காவில் வந்து முடிப்பதால் அந்த 24. யுனிகோடில் ஹல்காவுக்கு ஓர் இடம்தான். அரபுச் சொற்களுக்காகச் சேர்ந்த ‘ஐன்’, கூட்டெழுத்தான ‘கத்’ இரண்டும் தனி எழுத்துகளாக உள்ளன. எண்ணிக்கை ஒத்துவரவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

எழுத்துரு சரியாக இயங்குகிறதா என்று பார்க்க ஒரே ஒரு வரி போதும். நூல்களின் தலைப்பில் திரும்பத் திரும்ப வரும் ‘பஷுமைஹுன் த-ஹிய்யா ரப்யா’, அதாவது ‘பெருவாழ்வின் பெயரால்’ என்ற வரி. முதல் சொல்லில் ஒன்பது எழுத்து: ப, ஷ, உ, ம, ஆ, இ, ஹ, உ, ன. இதில் ஷகரம், ஆவுக்குரிய ஹல்கா, இக்குரிய அக்சா மூன்றும் தனக்கு வலப்பக்கத்து எழுத்தோடு மட்டும் சேரும். இடப்பக்கம் கை நீட்டாது. எனவே சரியாக வரும் சொல் நான்கு துண்டாகத் தெரிய வேண்டும். பகரமும் ஷகரமும் சேர்ந்து ஒன்று, உ-ம-ஆ சேர்ந்து ஒன்று, அக்சா தனியே நிற்பது ஒன்று, ஹ-உ-ன சேர்ந்து ஒன்று. ஒன்பதும் ஒன்பதாக உதிர்ந்து நின்றால் மென்பொருளில் இணைப்பு வேலை நடக்கவில்லை என்று பொருள். ஒன்பதும் ஒரே கோடாக ஓடினால் வேறு எழுத்துரு நடுவில் நுழைந்திருக்கிறது. நோட்டோ இந்தச் சோதனையில் நன்றாகவே தேறுகிறது. ‘ஹிய்யா’ என்ற சொல்லில் அக்சா இரண்டு முறை அடுத்தடுத்து வருவதால் இரண்டாவது அக்சா தனித்து நிற்கும். அது பிழை அன்று.

எழுத்தின் தோற்றம் பற்றி ஒரு குறை. பெயரிலேயே ‘சான்ஸ்’ இருக்கிறது, கோடெல்லாம் ஏறக்குறைய ஒரே தடிமன். நாணல் பேனாவால் எழுதிய சுவடியில் கோடு தடித்தும் மெலிந்தும் போகும். அந்த மாற்றம்தான் படிப்பவரின் கண்ணுக்கு வழிகாட்டி. க, ந, ப, ஸ ஒலிகளுக்கான நான்கு எழுத்துகளும் வளைந்து இடப்பக்கம் திரும்புபவை, சேர்ந்து வரும்போது ஒன்றையொன்று ஒத்துப்போகும். சிறிய அளவில் வைத்தால் மெய்ப்புத் திருத்துபவர் இங்கேதான் தவறுவார். திருத்தும்போது 18 புள்ளிக்குக் குறையாமல் வையுங்கள். அச்சில் 14 போதும். இன்னொன்று, இந்த எழுத்துருவுக்குத் தடித்த வடிவம் கிடையாது. வேர்டில் தடிப்புப் பொத்தானை அழுத்தினால் மென்பொருளே போலியாகத் தடிக்க வைக்கும். அப்போது ஹல்காவின் வட்டம் அடைபட்டுப் புள்ளி போலாகிவிடும். தலைப்பைப் பிரித்துக் காட்ட வேண்டுமானால் அளவைக் கூட்டுங்கள், அல்லது சிவப்பு நிறம் கொடுங்கள்.

தட்டச்சு செய்யும் வழிக்கு வருவோம். நாலைந்து சொற்கள்தான் என்றால் விண்டோஸ் வேர்டில் 0840 என்று அடித்து ஆல்ட்டும் எக்ஸும் சேர்த்து அழுத்தினால் ஹல்கா வந்துவிடும். லினக்ஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், யு அழுத்தி, எண்ணை அடித்து, என்டர். முழு நூலுக்கு இது கட்டுப்படியாகாது. மண்டேய ஆய்வாளர்களின் வழக்கப்படி ரோமன் எழுத்தில் ஒலிபெயர்ப்பாக அடித்துக்கொண்டு, பிறகு ‘தேடி மாற்று’ பட்டியல் ஒன்றால் மொத்தமாக மாற்றுவதே வேகம். பட்டியலின் வரிசையில்தான் சூட்சுமம். கூட்டெழுத்தான கத் முதலில் மாற வேண்டும், அதற்குப் பிறகு துஷென்னா (‘த-ஹிய்யா’வின் முதலில் வரும் ‘த-’ எழுத்து), அதற்கும் பிறகே தனிக் ககரம். வரிசை புரண்டால் கத் வர வேண்டிய இடத்தில் ககரமும் துஷென்னாவும் இரண்டு எழுத்தாக உட்காரும். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும், ஆனால் தேடும்போது அந்தச் சொல் கிடைக்காது. யுனிகோடில் கத் யு+0857 என்ற தனிக் குறி. அதைப் பிரித்தால் இரண்டு எழுத்து வரும் என்று எந்த மென்பொருளும் தானாக எடுத்துக்கொள்ளாது.

அடிக்கடி நேரும் இன்னொரு பிழை, ‘அவனுடைய, அவளுடைய’ என்று பொருள் தரும் ஈற்றெழுத்தான ‘இத்’, யு+0847. ஒலிபெயர்ப்பில் இதை அடிக்கோடிட்ட ஹகரமாக எழுதுவார்கள். அடிக்கோட்டை விட்டு அடித்தால் மாற்றுப் பட்டியல் அதைச் சாதாரண ஹகரமாக, யு+0844 ஆக ஆக்கிவிடும். வேலை முடிந்ததும் சொல்லின் கடைசியில் 0844 வரும் இடங்களை மட்டும் தேடி எடுத்து, ஒவ்வொன்றையும் சுவடியோடு ஒப்பிடுங்கள்.

கட்டத்தின் முடிவில் உள்ள மூன்று மேல்கீழ்க் குறிகளை, யு+0859 முதல் 085பி (085B) வரை, பழஞ்சுவடிகளுக்குத் தொட வேண்டியதில்லை. இரட்டிப்பு, உயிரின் தன்மை, அயல் ஒலி ஆகியவற்றைக் காட்டப் பயன்படுபவை அவை. பாடம் சொல்லிக்கொடுக்கவும் இன்றைய பேச்சுமொழியை எழுதவும் பயன்படும். உச்சரிப்பு தெரிந்துவிட்டது என்பதற்காகப் பழைய கொலஸ்தா படியில் இவற்றைச் சேர்ப்பது மூலத்தில் இல்லாததை எழுதுவதாகும். நிறுத்தக்குறி யு+085இ (085E) அப்படியல்ல. பகுதியின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டுவது அதன் வேலை. சுவடியில் இருக்கும் இடத்தில் மட்டும் போடுங்கள்.

வரியின் கடைசியில் சொல்லை உடைக்காமல், எழுத்தின் இணைப்புக் கோட்டை நீட்டி வரியை நிரப்புவது எழுதுநர்களின் பழக்கம். கணினியில் அதற்கு அரபுக் கட்டத்தின் நீட்டற்குறியான யு+0640 பயன்படும். அதைப் போட்டதும் கோடு முறிகிறதா, தடிமன் மாறுகிறதா என்று பாருங்கள்; மாறினால் மென்பொருள் வேறொரு எழுத்துருவிலிருந்து அதை எடுத்திருக்கிறது. நீட்டற்குறி போட்ட கோப்பு பார்வைக்கானது மட்டும். தேடலுக்கு ஒரு படியைத் தனியே வைத்து, அதில் 0640 எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஒரே சொல் இருபது சொல்லாகச் சிதறும்.

தாள் கிழிந்தோ பூச்சி அரித்தோ சொல்லின் பாதி போயிருந்தால் அடுத்த சிக்கல். மிஞ்சிய எழுத்து, போன எழுத்தோடு சேர்ந்திருந்த அடையாளமாக அதன் இடப்பக்கத்தில் கோடு நீண்டிருக்கும். வெறுமனே அடைப்புக்குறி போட்டால் எழுத்துரு அதைத் தனியெழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடும், அங்கே சொல் முடிந்தது போலத் தோன்றும். எழுத்துக்குப் பின் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி யு+200டி (200D) போட்டுவிட்டு அடைப்புக்குறி போடுங்கள். வடிவம் சுவடியில் உள்ளபடியே நிற்கும்.

தமிழ்க் குறிப்போடு கலந்து எழுதும்போது திசைச் சிக்கல் வரும். ஏட்டின் எண்ணும் வரி எண்ணும் மண்டாயிக் வரிக்கு முன்னால் அடித்தாலும் வேறு பக்கம் ஓடிவிடும். யு+2067, யு+2069 இரண்டுக்கும் நடுவே மண்டாயிக் பகுதியைச் சிறைப்படுத்தினால் அடங்கும். அதைவிட எளிது, இரண்டு பத்தி அட்டவணை: ஒன்றில் எண், மற்றதில் மூலம். லிப்ரே ஆஃபீஸில் சிக்கல் எழுத்துமுறை (CTL) வசதியை அமைப்பில் தனியே இயக்க வேண்டும், எழுத்துருவையும் அந்தப் பகுதியிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். மேலே கருவிப்பட்டையில் மாற்றியும் மாறவில்லை என்பவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். நோட்டோ சான்ஸ் மண்டாயிக்கில் தமிழ் எழுத்துகள் இல்லை, தமிழுக்குத் தனியே நோட்டோ சான்ஸ் தமிழ் வைத்துக்கொள்ளுங்கள்.

கின்சாவைப் படியெடுப்பவருக்கு ஒரு எச்சரிக்கை. அந்த நூல் வலம், இடம் என இரு பகுதி. வலது கின்சாவில் 18 நூல்கள், ஆன்மாவின் மேலேற்றத்தைப் பாடும் இடது கின்சாவில் 3. இரண்டும் ஒரே கட்டில், ஒன்றுக்கொன்று தலைகீழாக. ஒன்றைப் படித்து முடித்துப் புத்தகத்தைத் திருப்பிப் பிடித்தால்தான் மற்றது வரும். மொத்தமாகப் படம் எடுத்த கோப்பில் பாதிப் பக்கங்கள் தலைகீழாக இருப்பதைக் கண்டு ‘படம் எடுத்தவர் தவறிவிட்டார்’ என்று நினைத்து, திருப்பிப்போட்டு அதே வரிசையில் எண் கொடுத்தால் இடது கின்சா கடைசி ஏட்டிலிருந்து முதல் ஏட்டுக்கு ஓடும். இரண்டுக்கும் தனிக் கோப்பு, தனி எண்வரிசை வையுங்கள். திவான் அபாத்தூர் போன்ற படச் சுருள்களுக்கு இந்த எழுத்துரு மட்டும் போதாது. அங்கே எழுத்து படங்களின் பெயர்க்குறிப்பாகவும் வருகிறது. படத்தின் மேல் இடம் குறித்து வைக்காமல் எழுத்தை மட்டும் வரிசையாக அடித்தால் எதற்கு எது என்றே தெரியாமல் போய்விடும்.

இனி எழுத்துருவால் ஆகாத, ஆனால் படியெடுப்பின் உயிரான பகுதி. மண்டேயக் குருமார் ஒரு நூலை எழுதி முடித்ததும் இறுதியில் ஒரு குறிப்பு எழுதுவார்கள். தான் ஏழை, எளியவன், நாசோராயர்களின் (மறைஞானம் அறிந்தவர்களின்) காலடித் தூசு என்று தன்னைத் தாழ்த்திக்கொண்டு, தன் பெயர், தந்தை பெயர், குடிப்பெயர், எந்த ஊரில், யாருக்காக எழுதினேன் என்று சொல்வார்கள். குஹைலியா, திஹ்தாரியா போன்ற குடிப்பெயர்கள் இங்கே வரும். அதோடு நிற்பதில்லை. தான் பார்த்து எழுதிய படியை எழுதியவர் யார், அவர் யாருடைய படியைப் பார்த்தார், அவருக்கு முன் யார் என்று சங்கிலியாகப் பின்னோக்கிப் போவார்கள். பழைய குறிப்பை அழிக்காமல் அதையும் சேர்த்து எழுதிவிட்டு, தன் பெயரை நுனியில் கட்டுவது முறை.

இந்தச் சங்கிலிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துத்தான் ஆரம்பக் குருமார் யாரென்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். யோருன் யாகோப்சன் பக்லி இதைத் தன் வாழ்நாள் வேலையாகச் செய்தவர். கொலஸ்தாவின் சங்கிலியில் கவஸ்தாவைச் சேர்ந்த ஸாஸாய் என்பவர் நிற்கிறார், காலம் சுமார் 270. இடது கின்சாவின் சங்கிலி அதற்கும் முன்னே போய் ஷ்லாமா என்ற பெண்ணிடம் முடிகிறது. கித்ராவின் மகள் ஷ்லாமா, காலம் சுமார் 200. பெயர் தெரிந்த படியெடுப்போரில் மிகப் பழையவர் ஒரு பெண். அரபுப் படைகள் வந்த காலத்தில் தென் ஈராக்கின் மைசானில் உள்ள தீப் ஊரில் எழுதிய ரமூயா, தங்கள் மக்களின் தலைவர்களோடு அனூஷ் பர் தன்கா போன காலம் அது என்று குறித்து வைத்திருக்கிறார். அரசர் பட்டியல் எதுவும் தராத செய்திகள் இவை. எழுதி முடித்த குருமார் தாளின் கடைசியில் சேர்த்த சில வரிகளிலிருந்து வந்தவை.

அதனால்தான் தட்டச்சுப் படிகளில் இறுதிக் குறிப்பை ‘பாடல் முடிந்தது, இனி வெறும் பெயர்கள்’ என்று விட்டுவிடுவதைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. விடுவது மட்டும் அல்ல, இடம் மாற்றுவதும் கேடு. ஒரே நூலுக்குள் இறுதிக் குறிப்பு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வரும். கொலஸ்தாவில் ஆங்கில ஆய்வாளர் டிரவர் 1959இல் பதிப்பித்தபோது கொடுத்த எண்படி 414 பாடல்கள். அவற்றில் முதல் 103 ‘ஆன்மாக்களின் நூல்’ என்று தனித்து நின்ற தொகுதி. நடுவில் வரும் குறிப்பு, அதுவரை உள்ளது ஒரு காலத்தில் தனிச் சுவடியாக இருந்ததற்குச் சான்று. எல்லாக் குறிப்புகளையும் திரட்டிக் கடைசியில் பின்னிணைப்பாக வைத்தால் அந்தச் சான்று போய்விடும்.

சங்கிலியை அடிக்கும்போது வழக்கமாக நேரும் தவறு ஒன்றுதான்: கண் தாவுதல். ‘மகன்’ என்று பொருள்படும் ‘பர்’ என்ற சொல் ஒவ்வொரு பெயருக்கும் நடுவே வருகிறது. யஹ்யா, ஆதாம், பிஹ்ராம், ஸாம், ஸிஹ்ரூன் என்று அதே சில பெயர்களே மாறி மாறி வரும். ஒரு ‘பிஹ்ராம்’ அடித்துவிட்டு ஏட்டைப் பார்த்தால் கண் அடுத்த பிஹ்ராமில் போய் விழும், நடுவில் இரண்டு தலைமுறை காணாமல் போகும். பழைய எழுதுநர்களுக்கும் இதேதான் நடந்திருக்கும் என்பதால், இரண்டு சுவடிகளின் சங்கிலி நீளம் வேறுபட்டால் நீளமானதை வைத்துக் குறுகியதைத் திருத்திவிடாதீர்கள். வேறுபாட்டை அப்படியே குறியுங்கள். அடிப்பதற்கு முன்பே ஏட்டில் ‘பர்’ எத்தனை என்று எண்ணித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடித்த பிறகு கோப்பில் அந்தச் சொல்லைத் தேடி எண்ணிக்கை ஒத்துப்போகிறதா பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

பெயர் இருக்கும் இடம் இன்னொன்று உண்டு. பாடல்களின் நடுவே ‘எனக்குப் பாவ மன்னிப்பு உண்டாகட்டும்’ என்ற வேண்டுதல் வரும்போது, நூலை எழுதியவர் அல்லது எழுதச் சொன்னவரின் பெயரை அங்கே செருகுவது மரபு. இங்கே எழுதுவது மல்வாஷா என்ற சமயப் பெயர், அதில் தாயின் பெயர் வரும்: ‘இன்ன பெண்ணின் மகன் இன்னான்’. இறுதிக் குறிப்பிலோ தந்தை வழி. ஒரே ஆள் இரண்டு இடத்தில் இரண்டு விதமாகத் தெரிவதைப் பார்த்து, தட்டச்சு செய்பவர் ‘ஒருமைப்படுத்த’ நினைத்தால் கெட்டது கதை. பெயர் வரும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு அடையாளம் கொடுத்து, அப்படியே விடுங்கள். சொற்களின் எழுத்துக்கூட்டலும் அப்படித்தான். தொடக்க இகரத்தை ஒருவர் பழைய அரமேய ‘ஐயின்’ எழுத்தின் வழி வந்த எழுத்தால் (மேலே சொன்ன ‘ஐன்’ அன்று) மட்டும் எழுதுவார், மற்றவர் அதோடு அக்சாவையும் சேர்ப்பார். அகராதியைப் பார்த்து ஒன்றாக்கினால் எந்தச் சுவடி எந்தச் சுவடியின் பிள்ளை என்று கண்டுபிடிக்க உதவும் தடயம் அழியும்.

1831இல் வந்த கொள்ளைநோயில் மண்டேயக் குருமார் ஏறக்குறைய முற்றாக மாண்டார்கள். குருமார் வீட்டுப் பிள்ளைகளான யஹ்யா பிஹ்ராமும் ராம் ஸிஹ்ரூனும் உயிர்தப்பி, தென் ஈராக்கின் சூக் அஷ்-ஷுயூக் ஊரில் குருத்துவத்தை மீண்டும் தொடங்கிவைத்தார்கள். கையில் இருந்தவை சுவடிகளும் அவற்றைப் படிக்கத் தெரிந்த அறிவும். பின்னாளில் யஹ்யா பிஹ்ராம் பல நூல்களைத் தன் கையால் படியெடுத்தார். 1854இல் அங்கே போன ஜெர்மானிய அறிஞர் பெட்டர்மன், மொழியைக் கற்றது அவரிடம்தான். அந்தப் பெட்டர்மன் 1867இல் கின்சாவைப் பதிப்பித்தபோது அச்செழுத்து இல்லை, தானே கையால் எழுதிக் கல்லச்சில் ஏற்றினார். இன்னொரு அறிஞர் லிட்ஸ்பார்ஸ்கி 1920இல் வழிபாட்டுப் பாடல்களை எபிரேய அச்செழுத்தில் போட்டார். மண்டேயர்களே சிட்னியில் கின்சாவைத் தங்கள் எழுத்தில் கணினியில் கோத்து வெளியிட்டது 1998இல், யுனிகோடு வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன். அந்தக் காலத்துத் தனிக் குறியீட்டு எழுத்துருவில் அடித்த கோப்பு யாரிடமாவது இருந்தால் எழுத்துருவை மட்டும் மாற்றித் திறக்காதீர்கள். ரோமன் எழுத்துக் குப்பையாகத்தான் வரும். அந்த எழுத்துருவின் குறியீட்டு அட்டவணையை வைத்து ஒவ்வொரு குறியாக யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். இந்த வரலாறெல்லாம் தெரிந்தவருக்கு, இன்று இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளும் ஓர் எழுத்துருவின் மதிப்பு தெரியும்.

மெய்ப்புக்கு இருவர் வேண்டும். ஒருவர் சுவடிப் படத்தைப் பார்த்து எழுத்தெழுத்தாகச் சொல்ல, மற்றவர் திரையைப் பார்க்கட்டும். சொல்லாகப் படித்தால் மனம் தானே திருத்திக்கொள்ளும், அதனால் எழுத்தாகவே படியுங்கள். ஒரே மூச்சில் அரை மணிக்கு மேல் வேண்டாம்.

கோப்பை மூடுவதற்கு முன், கடைசி மண்டேய எழுதுநரின் குறிப்புக்குக் கீழே ஒரு கோடு போட்டு, உங்கள் குறிப்பையும் எழுதுங்கள். எந்த நூலகத்தின் எந்த எண் சுவடி, எந்த ஏடு முதல் எந்த ஏடு வரை, படத்திலிருந்தா நேரில் பார்த்தா, எந்த எழுத்துரு, எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு, எந்த ஊர், அடித்தவர் யார், ஒப்பிட்டவர் யார். படிக்க முடியாமல் ஊகித்த எழுத்துகளின் பட்டியலும் அதற்குக் கீழேயே இருக்கட்டும்.